உறுப்பினர்: மேட்டுத் தெரு

என்னை இந்த ஊரில் எல்லாரும் சீல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நூலகத்தின் முன்மேசையில் உட்கார்ந்து, புத்தகம் எடுத்துப் போகிறவர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய தேதியைச் சீல் குத்திக் கொடுப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாகக் குத்துகிறேன். கம்ப்யூட்டர் வந்த பிறகு தேதியை அதுவே ஞாபகம் வைத்துக்கொள்கிறது, சீல் எதற்கு என்று நூலகர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். கம்ப்யூட்டருக்கு ஞாபகம் இருக்கும் சார், எடுத்துப் போகிறவனுக்கு இருக்குமா என்று கேட்டேன். சீல் என் மேசையிலேயே தங்கிவிட்டது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் என் கையில் ஒரு புத்தகம்கூடத் தொலைந்ததில்லை. வருஷக் கடைசியில் தலைமை அலுவலகத்துக்கு ஒரு படிவம் அனுப்புவோம். அதில் 'தொலைந்தவை' என்று ஒரு கட்டம் உண்டு. மற்றக் கிளைகள் அதில் பத்து, முப்பது என்று எழுதும். நாங்கள் பூஜ்யம் போடுவோம். அந்தப் பூஜ்யத்தை மட்டும் வேறு யாரையும் போட விடமாட்டேன், நானேதான் போடுவேன்.

எங்கள் வீடு மேட்டுத் தெருவில். நூலகத்திலிருந்து பஸ்ஸில் இருபத்தைந்து நிமிஷம். போன் டவர் இருக்கும் பக்கத்தைப் பெரிய பாறை மறைப்பதால் எங்கள் தெருவில் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. அவசரம் என்றால் மளிகைக் கடையில் இருக்கும் பழைய கம்பிப் போன்தான், அதுவும் அதற்கு மனசு வந்தால். இன்டர்நெட் கம்பெனிக்காரன் ஒருதரம் வந்து வீடுகளை எண்ணினான். அறுபத்தொரு வீடு. இதற்குக் கேபிள் இழுத்தால் கட்டுப்படியாகாது என்று சொல்லிவிட்டுப் போனவன்தான், அப்புறம் தலைகாட்டவில்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் வீட்டுக்காரர் அந்த மேட்டுத் தெரு பஸ்ஸின் டிரைவர். நாள் முழுக்க ஹாரன் அடிப்பதாலோ என்னவோ, வாயைத் திறந்து பேசுவது குறைவு. மூன்றாவது ஆள் அவர் தங்கை, என் நாத்தனார். நாற்பத்தொரு வயசு. கல்யாணம் வேண்டாம் என்று சின்ன வயசிலேயே சொல்லிவிட்டு, அதில் உறுதியாக நின்றவள். ஆஸ்பத்திரி லேபில் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலை. பதினோரு வருஷமாக ஊர் ரத்தத்தையெல்லாம் கழுவிக் கழுவி ஊற்றினாள். எனக்கும் அவளுக்கும் ஒரே அடுக்களை, இரண்டு ராஜ்யம். நான் தட்டைக் கவிழ்த்து வைத்தால் அவள் நிமிர்த்தி வைப்பாள். நான் ஜன்னலைத் திறந்தால் அவள் சாத்துவாள். சண்டை என்று சொல்ல முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

நூலகம் ஆறு மணிக்கு மூடும். மூடிய பிறகும் எங்கள் இன்டர்நெட் லைன் கதவைத் தாண்டி வெளியே கொஞ்சம் கசியும். அதைப் பிடிக்க வாசல் படியில் ஏழெட்டுப் பேர் போனோடு உட்கார்ந்திருப்பார்கள். சுவரில் சாய்ந்து சாய்ந்து வெள்ளைச் சுவர் எண்ணெய்க் கறையாகிவிட்டது. தினமும் அவர்களை விரட்டுவது எனக்கு இன்னொரு வேலை. ஒருநாள் மழைத் தூறலில் துடைப்பத்தோடு வெளியே வந்தேன். எல்லாரும் எழுந்து ஓடினார்கள். ஓரத்தில் ஒரு குடை மட்டும் அசையவில்லை. காதில் விழவில்லையா என்று கேட்டுக்கொண்டே குடையைத் தூக்கினேன். உள்ளே என் நாத்தனார். முட்டியின் மேல் போன், பிளாஸ்டிக் உறைக்குள் நோட்டுப் புத்தகம்.

லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். வகுப்பெல்லாம் வீடியோவில். நாலு மாசமாக வீட்டில் கூடுதல் ஷிப்ட் என்று சொல்லிவிட்டு, நான் பூட்டிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து படித்திருக்கிறாள். எத்தனை தடவை என் துடைப்பத்துக்குப் பயந்து பக்கத்துக் கட்டடத்தின் பின்னால் போய் நின்றாளோ தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

“பாஸ் பண்ணுவேனோ மாட்டேனோ, அதுக்குள்ள எதுக்கு அண்ணி ஊரைக் கூட்டணும்?” என்றாள்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் காலையில் நூலகர் பையை வைப்பதற்குள் பிடித்துக்கொண்டேன்.

“ஆறு மணிக்குப் பூட்டினப்புறம் அந்த லைன் உள்ள என்ன சார் பண்ணுது? புத்தகத்துக்குக் காவல் இருக்கா?”

எங்கள் நூலகர் சத்தமே போடாத மனிதர். நான் கத்தியதை ஒரு தாளில் அழகாக எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். நாலு கடிதம் போன பிறகு ஒரு பதில் வந்தது. நூலகத்தின் இணைப்பை நூலக உறுப்பினருக்கு மட்டுமே தரலாம், உறுப்பினர் எங்கே இருந்து பயன்படுத்தினாலும் ஆட்சேபம் இல்லை. சார் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“உறுப்பினர்னா மனுஷனாத்தான் இருக்கணும்னு விதியில இல்லையேம்மா.”

அப்படித்தான் எங்கள் தெரு நூலகத்தில் உறுப்பினரானது. படிவத்தை நான்தான் நிரப்பினேன். பெயர்: மேட்டுத் தெரு. முகவரி: அதேதான். வயது என்ற கட்டத்தைக் காலியாக விடலாம் என்றார் சார். காலிக் கட்டம் எனக்குப் பிடிக்காது, 'தெரியவில்லை' என்று எழுதினேன். கீழே, பொறுப்பேற்கும் உறுப்பினர் கையெழுத்து. வேலை பார்க்கிற நான் போடக்கூடாது என்பதால் நாத்தனார் போட்டாள். தொழில் என்ற இடத்தில் 'லேப் உதவியாள்' என்று கட்டத்தின் மூலையில் எறும்பு மாதிரி எழுதினாள். கார்டு எண் 4417.

சார் வரவழைத்த ஆன்டெனாக்காரர் நூலக மொட்டை மாடியில் ஒன்றும், தெருவின் தண்ணீர்த் தொட்டி மேல் ஒன்றும் நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி மாட்டினார். லைன் வந்த அன்று தெருவே வாசலுக்கு வந்து நின்றது. தையல்காரம்மா வெளியூரில் இருக்கும் மகளை வீடியோவில் பார்த்துவிட்டு, இளைச்சுட்டா என்று ஒப்பாரி வைக்காத குறை. கார்டு இருக்கிறதே என்று புத்தகமும் எடுக்க ஆரம்பித்தார்கள். கார்டு ஒன்றுதானே, நூறு புத்தகம் வரை எடுக்கலாம் என்று சார் வரம்பை ஏற்றிவிட்டார். படித்துவிட்டுத் திருப்பிப் போட, மளிகைக் கடைச் சுவரில் ஒரு பெட்டி. சனிக்கிழமைதோறும் அதைக் காலி செய்து பையில் போட்டு வீட்டுக்காரர் பஸ்ஸில் கீழே கொண்டுவருவேன்.

இதில் ஒரு நிபந்தனை வைத்தேன். ஒரு புத்தகம் தேதி தாண்டினாலும் கார்டு தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும், கார்டு பூட்டினால் லைனும் போக வேண்டும். புத்தகத்தைத் திருப்பித் தராத தெருவுக்கு எதற்கு இன்டர்நெட்? சார் தயங்கினார். நான் ஒற்றைக் காலில் நின்றேன். கடைசியில் ஆன்டெனாக்காரர் கம்ப்யூட்டரில் அப்படியே அமைத்துக் கொடுத்தார். பாக்கிப் புத்தகமெல்லாம் வந்ததாகப் பதிவானால் தானாகத் திறக்கும், அதற்கு முன்னால் திறக்கும் சங்கேதச் சொல் சார் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஒன்றரை வருஷம் ஒரு குறையும் இல்லை. நாத்தனார் வீட்டு உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். எழுத்துப் பரீட்சை எல்லாம் முடிந்து கடைசியில் வாய்மொழித் தேர்வு. வீடியோவில், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரைக்கு. பதினைந்து நிமிஷத்துக்குள் உள்ளே வராதவர்கள் அடுத்த வருஷம்தான் வரலாம்.

அதற்கு முந்தின சனிக்கிழமை அடைமழை. சாரல் அடித்துப் பெட்டியில் இருந்த முப்பத்தெட்டுப் புத்தகமும் ஊறிப் போயிருந்தன. எனக்கு ஒரு பழக்கம். ஈரப் புத்தகத்தைத் திரும்பி வந்ததாகப் பதிய மாட்டேன். பதிந்தால் அலமாரிக்குப் போகும், போனால் பக்கத்துப் புத்தகத்துக்கும் பூஞ்சை பிடிக்கும். காய வைத்து, பக்கம் பக்கமாகப் பார்த்து, பிறகுதான் பதிவு. முப்பத்தெட்டையும் பின்னறை மேசைகளில் விரித்து நிறுத்தினேன். இடையில் ஒற்றுத்தாள், மேலே மின்விசிறி. பெற்ற பிள்ளையைக்கூட நான் அப்படித் துவட்டியிருக்க மாட்டேன். ஞாயிறும் திங்களும் நூலகத்துக்கு விடுமுறை. பெருமையாகப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதுக்கு வந்து, வழக்கம்போல் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரைப் போட்டேன். சார் தலைமை அலுவலகத்தில். எங்கள் தெரு விஷயத்தை மற்றக் கிளைக்காரர்களுக்கு விளக்கச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தார்.

பத்து மணி தாண்டி ஐந்து நிமிஷம் இருக்கும். வாசலில் பஸ் வந்து நின்றது. இருபத்திரண்டு வருஷத்தில் நூலகத்துக்குள் கால் வைக்காத என் வீட்டுக்காரர், எஞ்சினைக்கூட நிறுத்தாமல் உள்ளே வந்தார். 

“ஒன்பது மணியிலேருந்து தெருவுல லைன் இல்ல,” என்றார். “கடைப் போனும் செத்துக் கிடக்கு. உன்கிட்ட சொல்லச் சொன்னா.”

“அவளையும் பஸ்ஸுல ஏத்திக்கிட்டு வர்றதுதானே? இங்க ஒரு அறையில உக்காத்தி வெச்சிருப்பேனே!”

“கூப்பிட்டேன். வரல. அண்ணி அங்க இருக்காங்க, பாத்துக்குவாங்கன்னு சொல்லிட்டு, தலை சீவிக்கிட்டு போன் முன்னால போய் உக்காந்துட்டா.”

என் தட்டையே நிமிர்த்தி வைக்கிறவள் அப்படிச் சொல்லியிருக்கிறாள்.  முதலில் ஆன்டெனாக்காரரைப் போனில் பிடித்து, வாயில் வந்தபடி திட்டினேன். காக்காய் கூடு கட்டியிருக்கும், மழையில் கம்பி நனைந்திருக்கும், நீ மாட்டின லட்சணம் அப்படி என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னார்.

“ஆன்டெனா ரெண்டும் நல்லாத்தான் இருக்குக்கா. கார்டு பூட்டியிருக்கு. அதைத் திறக்கறது உங்க கையில, என் கையில இல்ல.”

4417 என்று தட்டினேன். திரை சிவப்பாக வந்தது. தேதி தாண்டிய புத்தகங்கள்: முப்பத்தொன்பது. காலையில் நான் கம்ப்யூட்டரைப் போட்டதுமே அது கணக்குப் பார்த்துப் பூட்டிவிட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் கெடு சனிக்கிழமை. அந்தத் தேதியைச் சீல் குத்தியது நான். நேரத்துக்குத் திரும்பி வந்ததைப் பதியாமல் பின்னறையில் தாலாட்டிக்கொண்டிருந்தது நான். தேதி தாண்டினால் தெருவையே பூட்டு என்று நின்றவளும் நான்தான். சாருக்குப் போன் போட்டேன். கூட்டத்தில் அணைத்து வைத்திருந்தார். மணி பத்து பதினாறு.

வீட்டுக்காரரிடம் ஒரே வரியில் சொன்னேன், தப்பு என்னுடையது என்று. அவர் உடனே வெளியே போய் எஞ்சினை நிறுத்தினார்.

“எல்லாரும் இறங்குங்க. உள்ள கொஞ்சம் வேலை இருக்கு.”

இறங்கியவர்கள் எல்லாரும் எங்கள் தெருக்காரர்கள். என்ன நாள் என்று அவர்களுக்குத் தெரியும். நாத்தனார் ஊரைக் கூட்ட வேண்டாம் என்றாள். ஊர் தானாகவே கூடியிருந்தது. பின்னறையிலிருந்து முன்மேசை வரை வரிசையாக நின்று புத்தகங்களைக் கைமாற்றினார்கள். ஈரத்தில் அட்டையில் ஒட்டிய பார்கோடு அழிந்துபோய், அதைப் படிக்கும் கருவி ஒன்றையும் படிக்கவில்லை. ஒவ்வொரு எண்ணாக நான் தட்ட வேண்டும். தையல்காரம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்து எண்ணை உரக்க வாசித்தாள். 'அமைதி காக்கவும்' பலகைக்குக் கீழே அன்றைக்கு ஒரே சந்தை இரைச்சல். நசநசவென்று இருந்த புத்தகங்களை, ஒரு பக்கம்கூடப் பார்க்காமல், ஒவ்வொன்றாக வந்துவிட்டது, வந்துவிட்டது என்று பதிந்தேன். அந்தப் பாவத்தை எண்ணிப் பார்க்க நேரமில்லை.

முப்பத்தெட்டு முடிந்தபோது மணி பத்து முப்பத்தேழு. திரை இன்னும் சிவப்பு. பாக்கி ஒன்று.

பின்னறையில் மேசைக்கு அடியில், நாற்காலிக்குப் பின்னால் எல்லாம் தேடினார்கள். தையல்காரம்மா திரைக்குள் எட்டிப் பார்த்து, பாக்கி இருந்த புத்தகத்தின் பெயரைச் சத்தமாகப் படித்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நானும் மேட்டுத் தெருக்காரிதானே. அந்தக் கார்டில் ஒரு தடிமனான கொலைக்கதை எடுத்திருந்தேன். இன்னும் முப்பது பக்கம் பாக்கி. புத்தகம் என் தலையணைக்கு அடியில் இருந்தது. ஊருக்கெல்லாம் தேதி குத்திக் கொடுத்தவள் என் தேதியைப் பார்க்கவில்லை.

“வீட்டுல இருக்கு. நான்தான் எடுத்தேன்,” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

வந்ததாகப் பதிந்துவிடேன், சாயங்காலம் கொண்டுவந்தால் போச்சு என்றார் ஒருவர். கையில் இல்லாத புத்தகத்தை வந்தது என்று எழுதினால் அப்புறம் எந்தப் பதிவை யார் நம்புவது? கெடு தாண்டியதைப் புதுப்பிக்கவும் சாரின் சங்கேதச் சொல் வேண்டும். என் கைக்கு எட்டியது இன்னொரு பொத்தான்தான். 'தொலைந்தது.' இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒருமுறைகூட அழுத்தாத பொத்தான். அழுத்தினால் புத்தகம் தெருவின் பேரிலிருந்து போய், தொலைத்தவர் பேரில் ஏறும். தொலையாததைத் தொலைந்தது என்பதும் பொய்தான், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பொய்க்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான் ஒருத்தி மட்டுமே.

மேலே சுவரில் கடிகாரம் பத்து நாற்பது காட்டியது. அழுத்தினேன். தொலைத்தவர் பெயர் கேட்டது. என் பெயரைத் தலைப்பெழுத்தோடு முழுசாக அடித்தேன். உறுதிதானா என்று இன்னொரு முறை கேட்டது. உறுதி.

திரை பச்சைக்கு மாறியது. ஆன்டெனாவின் ஓட்டத்தைக் காட்டும் கோடு ஒன்று ஓரத்தில் உண்டு. செத்துக் கிடந்த அந்தக் கோடு ஒருதரம் துள்ளியது. பிறகு நிற்காமல் ஓட ஆரம்பித்தது. வீட்டுக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனார். தாமதத்துக்கு விளக்கம் கேட்டு அவருக்கு ஓலை வந்தது தனிக் கதை. 'நூலகத்தில் புத்தகம் திருப்பிக் கொடுத்தேன்' என்று பதில் எழுதிவிட்டார், மகராசன்.

நான் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் உள்ளே போனாளா, கதவு மூடிவிட்டதா, கோடு சொல்லாது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பத்து நாற்பத்திரண்டுக்கு உள்ளே போனதாகவும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னதாகவும் சொன்னாள்.  நின்றபடியே நடந்ததையெல்லாம் சொன்னேன். தலையணைக்கு அடியில் இருந்த புத்தகத்தையும் எடுத்துக் காட்டினேன்.

“என்னாலதான் ஆச்சு. உன்னோட ரெண்டு வருஷத்தைப் பாழாக்கப் பாத்தேன்,” என்றேன்.

“பெட்டி நனைஞ்சதை நானும் பாத்தேன் அண்ணி. ஈரம் காயாம நீங்க தொடமாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? காலையில லைன் போனதுமே புரிஞ்சுபோச்சு.”

“புரிஞ்சுமா பஸ் ஏறி வராம உக்காந்திருந்தே?”

“நீங்க போட்ட லைன் அது. நீங்க விட்டுருவீங்களா?”

நான் அடுக்களைக்குப் போய், தட்டையெல்லாம் நிமிர்த்தி வைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு இடம் வேண்டுமே.

மறுநாள் சாரிடம் என் நிபந்தனையை எடுத்துவிடச் சொன்னேன். கார்டுக்கும் லைனுக்கும் இருந்த முடிச்சை அவர் அன்றே அவிழ்க்க வைத்தார். கொலைக்கதையை மேசையில் வைத்தேன். முப்பது பக்கத்தையும் படித்து முடித்துவிட்டுத்தான் கொண்டுவந்தேன், கொலைகாரன் சமையல்காரன். சார் அந்தத் 'தொலைந்தது' பதிவையும் அழித்துவிடலாமா என்று கேட்டார். புத்தகம் கிடைத்தது என்று எழுதுங்க, தொலைந்ததை அழிக்காதீங்க என்றேன். இந்த வருஷம் அந்தக் கட்டத்தில் ஒன்று என்று போடப்போகிறேன். அந்த ஒன்றை நினைத்தால் இருபத்திரண்டு பூஜ்யமும் எனக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

ஒரு மாசம் கழித்துப் பாலத்தடித் தெருவிலிருந்து ஐந்தாறு பேர் வந்தார்கள். அவர்களுடைய தெருவையும் உறுப்பினராக்க வேண்டுமாம். ஆன்டெனாக்காரர் பார்த்துவிட்டு, எங்கள் தண்ணீர்த் தொட்டியிலிருந்து அவர்களுக்கு லைனைத் திருப்பிவிடலாம் என்றார். படிவத்தை நிரப்பினேன். வயது: தெரியவில்லை. பொறுப்பேற்கும் உறுப்பினர் என்ற இடத்தில் 4417, மேட்டுத் தெரு என்று எழுதினேன். தெருவுக்காகக் கையெழுத்துப் போட நாத்தனார் வேலைக்குப் போகிற வழியில் வந்தாள். வெள்ளைக் கோட்டு மடிப்புக் கலையாமல் கையில் தொங்கியது.

கையெழுத்துப் போட்டாள். தொழில் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை ஒருமுறை உதறிக்கொண்டாள். 'லேப் டெக்னீஷியன்.' முதல் இரண்டு எழுத்திலேயே கட்டம் நிறைந்துவிட்டது. மிச்சம் கோட்டைத் தாண்டி, ஓரத்தைத் தாண்டி, தாளின் விளிம்பு வரைக்கும் போயிற்று. கட்டத்துக்கு வெளியே எழுதினால் நான் படிவத்தைக் கிழித்துப் போடுவேன் என்று ஊருக்கே தெரியும். அவளும் பேனாவை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

நான் சீலை மையில் நன்றாக அழுத்தி எடுத்து, அவள் எழுதியதில் ஒரு எழுத்தும் மறையாமல் இடம் பார்த்துக் குத்தினேன்.